தேதி இல்லாத படி: மென்பொருள் கையேடுகள் கடந்து வந்த பாதை



அண்மையில் பள்ளிக் கணினி அறையின் பழைய அலமாரியைத் துப்புரவு செய்யும் வாய்ப்புக் கிட்டியது. கீழ்த்தட்டில் ஒரு பெட்டி நிறையக் குறுவட்டுகள். 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்ட காலத்தில் வந்தவை அவற்றுள் பல. அவற்றுக்கு நடுவே என் கையெழுத்தில் ‘பிஎச்பி கையேடு’ என்று எழுதிய குறுவட்டு ஒன்றும் இருந்தது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்ற குறிப்பு அதில் இல்லை. அந்தக் குறிப்பு இல்லாததால் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அந்த நினைவே இக்கட்டுரைக்கு வித்து.

கணினியைப் பற்றிய கட்டுரைதானே, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா. இது புத்தகத்தைப் பற்றிய வரலாறுதான். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பற்றிய புத்தகத்தை, மாறாமல் நம் கையில் எப்படி வைத்திருப்பது என்ற கேள்வியின் வரலாறு.

கடலடியில் அறுந்த கம்பி

2006 டிசம்பர் 26. தைவானின் தென்கரையை ஒட்டிய கடற்பகுதியில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை நிகழ்ந்து சரியாக ஈராண்டு நிறைவடைந்த நாள் அது. உயிர்ச்சேதம் ஆழிப்பேரலையோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் கடலடியில் சென்ற தொலைத்தொடர்பு வடங்கள் பல அறுந்தன. தைவான், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா எனப் பல நாடுகளில் இணையம் நத்தை வேகத்தில் ஊர்ந்தது. வடங்களைச் சீர்செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில காலமே ஆகியிருந்தது. ஆண்டிறுதி விடுமுறைக்குள் மாணவர் பதிவுகளையும் தேர்வுப் புள்ளிகளையும் சேர்த்து வைக்கும் சிறு செயலி ஒன்றைச் செய்து தருவதாகத் தலைமையாசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். பிஎச்பி நிரல்மொழியின் 5ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவியிருந்தேன். இணையம் இல்லாவிட்டால் என்ன, குறுவட்டில் கையேடு இருக்கிறதே என்ற துணிவு.

கையேடு சொன்னபடியே எல்லாம் செய்தேன். செயலி தரவுத்தளத்தோடு பேச மறுத்தது. இரண்டு இரவுகள் வீணாயின. மூன்றாம் நாள் தலைநகரிலிருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் தம்மிடமிருந்த புதிய கையேட்டைப் படித்துக் காட்டினார். 4ஆம் பதிப்பில் மைஎஸ்கியூஎல் தரவுத்தள இணைப்பு உள்ளிணைந்தே வந்தது. 2004இல் வெளிவந்த 5ஆம் பதிப்பில் அதை நாமே இயக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியின் முன்னிருந்த அரைப்புள்ளியை நீக்கி, துணைக்கோப்பு ஒன்றை உரிய இடத்தில் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

கையேட்டில் பிழை இல்லை. அது வேறொரு பதிப்புக்கு உரிய கையேடு. கையேடே இல்லாதிருந்தால் முதல் நாளே நண்பரை அழைத்திருப்பேன். பழைய படி என்னை நம்ப வைத்துக் காலத்தைத் தின்றது.

ஐந்தடி உயர ஏடு

இந்தச் சிக்கல் இணையத்தைவிட மூத்தது. 1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தது. அவற்றுக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பெரும்பணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெட் புரூக்ஸ். அப்பணியில் கிடைத்த பாடங்களை 1975இல் வெளிவந்த ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ என்னும் நூலில் அவர் எழுதியுள்ளார்.

திட்டத்தின் ஆவணங்கள் யாவும் ஒரே பணியேட்டில் தொகுக்கப்பட்டன. ஒவ்வொரு நிரலாளரும் அதன் முழுப்படியைத் தம் அறையில் வைத்திருக்க வேண்டும் என்பது முடிவு. பக்கங்களைக் கழற்றி மாட்டும் வகையில் கோப்புகள் அமைந்தன. மாற்றம் நேர்ந்த பக்கங்கள் மட்டும் புதிதாக அச்சாகி நாள்தோறும் வந்தன. அவரவர் பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும்.

ஏறக்குறைய ஆறு மாதங்களில் அவ்வேடு ஐந்தடி தடிமன் ஆகிவிட்டது. நியூயார்க் அலுவலகத்தில் மட்டும் ஏறத்தாழ நூறு படிகள். நாள்தோறும் வந்த மாற்றுப் பக்கங்கள் சராசரியாக 150. அடுக்கினால் இரண்டு அங்குல உயரம். பக்கம் மாற்றுவதிலேயே வேலை நேரத்தின் கணிசமான பகுதி கழிந்தது. முடிவில் நுண்படச் சுருக்கத்திற்கு மாறினார்கள். ஒவ்வோர் அறைக்கும் படிக்கும் கருவி வாங்கிய செலவு போகவே பத்து இலட்சம் டாலர் மிச்சமானது என்கிறார் புரூக்ஸ்.

ஆனால், அவர் ஓர் இழப்பையும் குறிப்பிடுகிறார். பக்கங்களைக் கையால் மாற்றியபோது என்ன மாறியது என்பது கண்ணில் பட்டது. படம் எளிதாக வந்து சேர்ந்தபோது யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆகவே, மாற்றங்களைப் பட்டியலிடும் தாள் ஒன்றும் உடன் வர வேண்டும் என்கிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்பும் இதில் மாற்றுக் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. புதுப்பித்தல் தானாக நடந்துவிட்டால் புதுச்செய்தி மனத்தில் பதிவதில்லை.

சுற்றறிக்கைகளைக் கோப்பில் சேர்க்கும் நம் அலுவலக எழுத்தர்களுக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது.

பொருளோடு பிறந்த கையேடு

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1970இல் அவர்கள் பெரிய கணினி ஒன்று கேட்டபோது, ஆவணங்களைத் தயாரிக்கும் மென்பொருள் செய்து தருகிறோம் என்பதே அவர்கள் காட்டிய காரணம். ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவே அதன் முதல் பயனாளராக அமைந்தது. ஆக, யூனிக்ஸ் வளர்ந்ததே எழுத்து வேலையின் நிழலில்தான்.

அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 எனத் தேதியிட்டது. ஆணைகள், கணினி அழைப்புகள், கோப்பு வடிவங்கள் என ஏழு பிரிவுகள். ஒவ்வோர் ஆணைக்கும் தனித்தனிப் பக்கம். பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தொடர்புடைய பிற ஆணைகள் என எல்லாப் பக்கங்களும் ஒரே அமைப்பில் இருந்தன. பக்கத்தின் தலைப்பிலேயே தேதி. இறுதியில் ‘குறைகள்’ என்றொரு பகுதி. அந்த ஆணையில் இன்னும் சரியாகாதவை எவை என்பதை எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. நம் பாடநூல்களிலும் அப்படி ஒரு பகுதி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அதனினும் பெரிய புதுமை விரைவிலேயே வந்தது. கையேடு அச்சில் மட்டுமன்றிக் கணினிக்குள்ளேயே இடம்பெற்றது. ‘மேன்’ என்று தட்டி ஆணையின் பெயரையும் தட்டினால் அப்பக்கம் திரையில் விரியும். மென்பொருளோடு கையேடும் சேர்ந்தே நிறுவப்படும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் கையேடும் புதுப்பிக்கப்படும். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இயங்குகிறதோ அந்தப் பதிப்பின் கையேடே அங்கு இருக்கும். இன்றைய லினக்ஸ் கணினிகளிலும் இம்முறை உயிரோடு உள்ளது. இணையத்தைத் துண்டித்தாலும் அது பதில் சொல்லும்.

திருத்தப்படாத ஆவணம்

அதே காலத்தில் வேறொரு வழியும் உருவானது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் விதிகளை வகுத்த இளைஞர்கள், தங்கள் குறிப்புகளை ‘கருத்து வேண்டும் குறிப்பு’ என்னும் பொருள்படும் ஆர்எஃப்சி என்ற பெயரில் எண்ணிட்டு வெளியிட்டனர். முதற்குறிப்பை ஸ்டீவ் கிராக்கர் 1969 ஏப்ரல் 7இல் எழுதினார். தொடக்கத்தில் இவை தாளில் அச்சாகி அஞ்சலில் சென்றன.

இவற்றின் சிறப்பு, வெளியான குறிப்பை எவரும் திருத்துவதில்லை என்பது. விதி மாறினால் புதிய எண்ணில் புதிய குறிப்பு வரும். பழையதற்கு இது மாற்று என்று அதில் எழுதப்படும். மின்னஞ்சலின் வடிவத்தைச் சொல்லும் 822ஆம் குறிப்பு 1982இல் வந்தது. அதற்கு மாற்றாக 2001இல் 2822ஆம் குறிப்பும், அதற்கும் மாற்றாக 2008இல் 5322ஆம் குறிப்பும் வந்தன. 1982இல் ஒருவர் எடுத்து வைத்த படி இன்றும் சரியான படியே. எது நடப்பில் உள்ளது என்பதை அறிய அட்டவணை ஒன்றைப் பார்த்தால் போதும். படி எடுப்பவருக்கு இதனினும் நேர்மையான ஏற்பாடு இல்லை.

குறுவட்டுக் காலம்

1990களில் குறுவட்டு பரவலானது. ஏறத்தாழ 650 மெகாபைட்டு இடம். ஒரு பக்க எழுத்துக்கு இரண்டு கிலோபைட்டு என்று கணக்கிட்டால் மூன்று இலட்சம் பக்கங்களுக்கு மேல். புரூக்ஸின் ஐந்தடி ஏடு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992இல் தொடங்கிய நிரலாளர் திட்டத்தில் சந்தா கட்டியவர்களுக்கு ஆவணக் குறுவட்டுகள் காலாண்டுதோறும் அஞ்சலில் வந்தன. 1997இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘சிஎச்எம்’ வடிவத்தில் ஒரு கையேடு முழுவதும், அகரவரிசையும் தேடும் வசதியும் சேர்த்து, ஒரே கோப்பாக அமைந்தது. பிஎச்பி கையேடும் அவ்வடிவில் கிடைத்தது. என் குறுவட்டில் இருந்ததும் அதுவே.

அவ்வடிவத்திற்கும் ஒரு சோதனை வந்தது. 2005இல் வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், வேறொரு கணினியில் உள்ள சிஎச்எம் கோப்பைப் பள்ளி வலையமைப்பின் வழியே திறந்தால் உள்ளடக்கம் வராது. வெறும் பிழைச்செய்தியே வரும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே படி வைக்க வேண்டியதாயிற்று. படி வைத்திருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் வழியும் நிலைக்க வேண்டும். பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த தமிழ்க் கேள்வித்தாள்களை இன்று திறந்து பார்த்துத் திகைக்கும் ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாறியதை மட்டும் அனுப்புதல்

1996ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் முக்கிய ஆண்டு எனலாம். ஓர் இணையத்தளத்தை இணைப்புகளோடு முழுமையாகப் பதிவிறக்கும் ‘டபிள்யூகெட்’ என்னும் கருவி அவ்வாண்டில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராசும் ‘ஆர்சிங்க்’ என்னும் கருவியை அறிவித்ததும் அவ்வாண்டே.

ஆர்சிங்க் செய்வதை ஆசிரியர்களுக்கு எளிதாக விளக்கலாம். இரண்டு பள்ளிகளில் ஒரே புள்ளிப் பதிவேட்டின் படிகள் உள்ளன. ஒரு பள்ளியில் சில பக்கங்கள் திருத்தப்பட்டுவிட்டன. முழு ஏட்டையும் தொலைபேசியில் படிக்க வேண்டுமா? தேவையில்லை. பழைய படி வைத்திருப்பவர் ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் போதும். மற்றவர் ஒப்பிட்டுப் பார்த்து, தொகை பொருந்தாத பக்கங்களை மட்டும் படித்துக் காட்டுவார். ஆர்சிங்க் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களைக் கணக்கிடுகிறது. நடுவில் ஒரு வரி நுழைந்து பின்வருவன எல்லாம் நகர்ந்துவிட்டாலும் பழைய துண்டுகளை அடையாளம் காண்கிறது. தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த அக்காலத்தில் இது பெரும் வரம். 1964இல் கையால் நடந்த பக்கமாற்றம் இங்குக் கணக்காக மாறியது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இன்னும் ஒரு படி முன்னே சென்றது. கிட் வழியே எடுக்கும் படியில் இன்றைய நிலை மட்டுமன்றி, நேற்றும் முந்தாநாளும் இருந்த நிலைகளும் அடங்கியிருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் தெரியும். புரூக்ஸ் கேட்ட மாற்றப் பட்டியல் படிக்குள்ளேயே வந்துவிட்டது.

படியெடுக்கும் உரிமை

கருவி இருந்தால் போதுமா? உரிமையும் வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடும் வேண்டும் என்று வாதிட்டார். மென்பொருளை மாற்றுபவர் கையேட்டையும் மாற்ற முடியாவிட்டால் இரண்டும் பொருந்தாமல் போகும் என்பது அவர் தரப்பு. அதற்கெனத் தனி ஆவண உரிமம் ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பின்னாளில் பிஎச்பி கையேடு, மொசில்லாவின் இணைய நிரலாளர் கையேடு, ஸ்டேக் ஓவர்ஃப்ளோ கேள்வி பதில்கள் ஆகியவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைத்தன.

இவ்வுரிமையின் அருமை 2020இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரைப் பணியிலிருந்து நிறுத்தியது. அந்தக் கையேட்டை எழுதி வந்தவர்களுள் பலரும் அவர்களுள் அடங்குவர். அதன் எதிர்காலம் என்னாகுமோ என்று உலகெங்கும் நிரலாளர்கள் கவலையுற்றனர். ஆனால், உள்ளடக்கம் திறந்த உரிமத்தில் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் அது முழுமையாகக் கிட் களஞ்சியத்திற்கு மாற்றப்பட்டது. எவரும் படியெடுக்கலாம், திருத்தம் அனுப்பலாம். கையேடு பிழைத்தது.

இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்று நம்புவோர்க்கு 2024 அக்டோபரில் இன்னொரு பாடம் கிடைத்தது. 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இணைய ஆவணக் காப்பகமே தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள்கள் முடங்கியது.

என் இரண்டாம் பிழை

2006இல் பட்டது போதும், இனித் தவறமாட்டேன் என்று எண்ணியிருந்தேன். 2020 மார்ச் மாதம் பள்ளி விடுமுறைக்கு முன், கணினிக் கழக மாணவர்களுக்கு ஆளுக்கொரு விரலியில் ஸ்க்ராட்ச் நிரலாக்க மென்பொருளை இட்டுக் கொடுத்தேன். இணையமின்றி இயங்கும் 3ஆம் பதிப்பு. கூடவே நானே தமிழில் எழுதிய வழிகாட்டி ஒன்றையும் சேர்த்தேன். அடுத்த சில நாள்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவியின் தந்தை அழைத்தார். தோட்டத்தில் வேலை செய்பவர். வீட்டில் இணையம் இல்லை. உறவினர் தந்த பழைய மடிக்கணினி மட்டும் உண்டு.

“ஐயா, பிள்ளை மூன்று நாளாக அழுகிறாள். புத்தகத்தில் இருப்பது கணினியில் இல்லையாம். தனக்குத்தான் தெரியவில்லை என்கிறாள்” என்றார்.

கைப்பேசியை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். கோடு வரைவதற்கான ‘எழுதுகோல்’ கட்டங்களை இடப்பக்கப் பட்டியலில் தேடித் தேடிக் களைத்திருந்தாள். நான் வழிகாட்டியை எழுதியது 2017இல், 2ஆம் பதிப்பைப் பார்த்து. 2019 சனவரியில் வந்த 3ஆம் பதிப்பில் எழுதுகோல் பட்டியலில் இருப்பதில்லை. கீழ்மூலையிலுள்ள நீட்சிகள் பொத்தானை அழுத்தி அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மென்பொருளைப் புதிதாகக் கொடுத்த நான், கையேட்டைப் பழையதாகக் கொடுத்துவிட்டேன்.

“தவறு உன்னுடையது இல்லையம்மா, என்னுடையது” என்று சொல்லி வழியைக் கூறினேன். சில நொடிகளில் “வந்துவிட்டது ஐயா!” என்ற குரல் கேட்டது.

எனக்கு நேர்ந்தபோது இரண்டு இரவுகள் தூக்கம் போயிற்று, அவ்வளவுதான். பத்து வயதுக் குழந்தைக்கு நேர்ந்தபோது அவள் கையேட்டைச் சந்தேகிக்கவில்லை, தன்னையே சந்தேகித்தாள். இணையம் உள்ள வீட்டுப் பிள்ளை உடனே வேறொரு பக்கத்தைத் தேடியிருக்கும். அவளுக்கு அந்த ஒரு படிதான் உலகம். ஆகவே, வசதி குறைந்த பிள்ளைக்கு நாம் தரும் படியே மற்றெல்லாவற்றையும் விடச் சரியாக இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்து நான் எனக்கு வகுத்துக்கொண்ட சில பழக்கங்களைப் பகிர்கிறேன்.

1. படியின் முதல் பக்கத்தில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், படியெடுத்த தேதி மூன்றையும் எழுதுகிறேன். யூனிக்ஸ் கையேடு 1971இல் பக்கத்துக்குப் பக்கம் தேதியிட்டது. நமக்கு ஒரு பக்கத்திலாவது வேண்டும்.

2. மென்பொருளையும் கையேட்டையும் ஒரே கோப்புறையில் வைத்துச் சேர்த்தே மாற்றுகிறேன்.

3. பழைய படியை அழிப்பதில்லை. ‘இதற்கு மாற்று வந்துவிட்டது’ என்று எழுதித் தனியே வைக்கிறேன். பழைய கணினியில் பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

4. ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் ஒருமுறை புதிய பதிப்பு உண்டா என்று பார்க்கிறேன். மாறியவற்றை நான்கு வரியில் எழுதி மாணவர்க்குத் தருகிறேன்.

5. புதுப்பித்தபின் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இணையம் இருக்கும்போது எல்லாப் படியும் நன்றாகவே தெரியும்.

உதவிக்கு இன்று நல்ல கருவிகள் உள்ளன. 2007இல் தொடங்கிய கிவிக்ஸ், விக்கிப்பீடியாவையும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவையும் ஒற்றைக் கோப்புகளாகத் தருகிறது. 2013இல் தோன்றிய டெவ்டாக்ஸ் பல நிரல்மொழிகளின் கையேடுகளை உலாவியிலேயே சேமித்து வைக்கிறது. எந்தப் பதிப்பு என்பதும் பெயரோடு தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினிமுன் அமர்ந்து, புத்தகத்தில் இருப்பதுபோல் வரவில்லை என்று சொன்னால், உடனே கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். புத்தகத்தின் தேதியை முதலில் பாருங்கள்.

அந்தப் பழைய குறுவட்டை நான் வீசவில்லை. ‘பிஎச்பி 4 காலத்துக் கையேடு. 5ஆம் பதிப்புக்குப் பொருந்தாது’ என்று அதன்மேல் இப்போது எழுதி வைத்திருக்கிறேன். செய்ய வேண்டியதைப் பல ஆண்டுகள் தாமதமாகச் செய்திருக்கிறேன்.